நெருப்பு அணைந்த பிறகு: கரி அடுப்புக் கால்களின் துருவும் சீரமைப்பும்

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. மேடையேறும் தகுதி இதற்கு உண்டா என்றுகூடச் சிலருக்குத் தோன்றலாம். வெளியிடங்களுக்குத் தூக்கிப்போய்க் கரி மூட்டி இறைச்சியும் மீனும் சோளமும் சுடுவதற்கென்று ஒரு சின்ன அடுப்பை, பார்பிக்யூ கிரில் என்ற பெயரில், கடைகளில் விற்கிறார்களே, அதன் உலோகக் கால்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்தக் கால்கள் துருப்பிடித்தால் எப்படித் துலக்குவது, எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது? கேட்டால் பெரும்பாலோர் ஒரு பட்டியல் தருவார்கள்: இன்ன ஆசிட், இன்ன உப்புத்தாள், இன்ன ஸ்பிரே பெயின்ட். பட்டியலில் உள்ளவை வேலைக்கு ஆகாதவை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கேள்வியின் பின்பாதிக்கு மட்டுமே பதில். கால் ஏன் கெட்டது என்பது முன்பாதி. அதற்கு விடை தெரியாமல் கையில் கம்பி பிரஷை எடுத்தால், துலக்குவதே அடுத்த கேடாகிவிடும். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரி அடுப்பின் கால் நெருப்பால் கெடுவது அபூர்வம். நெருப்பு அணைந்த பிறகு நாம் செய்யத் தவறுவதால் அது கெடுகிறது. பிறகு சரிசெய்கிறோம் என்று அவசரப்பட்டுச் செய்வதால் இன்னும் கெடுகிறது.

கால் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் 1920களில் ஃபோர்டு கார் நிறுவனம் தன் மரவேலைகளில் மிஞ்சிய துண்டுகளை மிச்சிகன் மாநிலத்தில் கரிக்கட்டிகளாக்கியது. 1930களில் அந்தக் கரியையும் கையோடு கொண்டுபோகும் சிறு அடுப்பையும் சேர்த்துத் தன் கார் விற்பனையகங்களிலேயே விற்றது. காரில் ஏறி ஊருக்கு வெளியே போய்ச் சமைத்துச் சாப்பிடும் பழக்கம் அப்படிப் பரவியது. 1952இல் சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே தயாராகிவந்த நீர்மிதவையின் இரும்புக் கோளத்தைப் பாதியாக்கி, ஒரு பாதியைக் கிண்ணமாகவும் மறுபாதியை மூடியாகவும் வைத்து, அடியில் மூன்று கால்களைப் பொருத்தினார். இன்று உலகெங்கும் காணப்படும் உருண்டை வடிவக் கரி அடுப்புக்கு அதுவே முன்னோடி. கால் மூன்றாக இருந்ததற்கு ஒரு வசதியும் உண்டு: மூன்று முனைகள் எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாமல் ஊன்றி நிற்கும். கிண்ணத்துக்கும் தரைக்கும் இடையில் காற்றோட்டம் வேண்டும், கீழே உள்ள புல் கருகக்கூடாது, 700 பாகை செல்சியஸைத் தாண்டிக் கனலும் கரி யார் மடியிலும் கவிழக்கூடாது. இத்தனையும் அந்தக் கால்களின் பொறுப்பு. ஆகவே காலின் துருவை அழகுக் குறையாக மட்டும் எண்ணிவிட முடியாது. அடுப்பின் மற்ற பாகங்கள் பழுதானால் பெரும்பாலும் சமையல்தான் கெடும். கால் ஒடிந்தால் ஆளுக்கே ஆபத்து.

நெருப்பு குற்றவாளி இல்லை என்பதற்குச் சான்று என்ன? அந்தக் காலிலேயே இருக்கிறது. நெருப்பால் கெடுவதென்றால் நெருப்புக்கு அருகில் இருக்கும் மேல்முனைதான் முதலில் அரித்திருக்க வேண்டும். ஆனால் பழைய கரி அடுப்பு ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். துரு மிகுந்திருப்பது தரையைத் தொடும் கீழ்முனையில், ரப்பர் புஷ்ஷுக்குள், மடக்குக் கீலில், வாஷருக்கு அடியில், குழாய்க்காலின் உட்புறத்தில். அனல் எட்டாத, ஈரம் தங்குகிற இடங்கள் இவை. கனலின் வெப்பம் பெரும்பாலும் மேலே போகிறது. காலின் கீழ்ப்பாதி சமையல் நடக்கும்போதும் தொட்டுப்பார்க்கும் அளவுக்கு இளஞ்சூடாகவே இருக்கும். சாதாரண இரும்பு வெறும் வெப்பத்தால் செதில்செதிலாக உரியவேண்டுமானால் ஏறத்தாழ 500 பாகைக்கு மேல் நீண்டநேரம் காயவேண்டும். காலின் எந்தப் பகுதியும் அந்த நிலையை எட்டுவதில்லை. ஒரு விதிவிலக்கை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிண்ணத்தோடு காலைப் பிணைக்கும் போல்ட்டைச் சுற்றிய சிறு பகுதியில் வெப்பம் பெயின்டைக் கருக்கி உரித்துவிடும். ஆனால் உரிந்த இடத்தை அரிப்பது அந்த வெப்பமன்று. அடுத்த வாரம் அங்கே வந்து தங்கும் ஈரம்.

ஈரம் என்றவுடன் மழையை நினைக்கவேண்டாம். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு தண்ணீர் போதும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜே. வெர்னான் என்ற ஆய்வாளர் 1920களிலும் 30களிலும் இதை அளந்து பார்த்தார். கந்தக டை ஆக்சைடு கலந்த காற்றில், ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டியதும் இரும்பின் அரிப்பு சட்டென்று பலமடங்கு கூடுவதைக் காட்டினார். துளி நீர்கூடக் கண்ணுக்குத் தெரியவேண்டியதில்லை. மேற்பரப்பில் படியும் கண்காணா நீர்ப்படலமே போதும். அந்தப் படலத்தை வரவழைப்பதில் உப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சமையல் உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மரச்சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட்டோ 43 விழுக்காட்டிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடும். கடலோர ஊர்களில் ஆண்டின் பல நாட்களில் இந்த இரண்டு எல்லைகளையும் காற்று தாண்டிவிடுகிறது. ஆக, சமையல் முடிந்து சாம்பல் படிந்தபடி கார் டிக்கியிலோ மாடிப்படிக்கு அடியிலோ மடக்கி வைக்கப்பட்ட அடுப்பு, மழையே காணாவிட்டாலும் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. இறைச்சியில் தடவிய உப்பும் எலுமிச்சைச் சாறும் கொழுப்போடு உருகிக் கால்வழியே வடிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கிய மரபு நம்முடையது. துலக்கும் பொருள் எப்படி அரிக்கும்? வேதியியல் தெரிந்தவர்கள் இதை இன்னும் வலுவாகக் கேட்பார்கள்: சாம்பல் காரத்தன்மை உடையது, காரத்தில் இரும்பு துருப்பிடிக்காது, கான்கிரீட்டுக்குள் கம்பி பாதுகாப்பாக இருப்பதே அந்தக் காரத்தால்தானே? இரண்டும் உண்மை. ஆனால் துலக்கிய கையோடு சாம்பலைக் கழுவிவிட்டார்கள் என்பதை முதல் கேள்வி மறந்துவிடுகிறது. நிமிடக்கணக்கில் தேய்த்துக் கழுவப்பட்ட சாம்பலும் மாதக்கணக்கில் மூலையில் ஈரத்தோடு ஒட்டிக்கிடக்கும் சாம்பலும் செய்யும் வேலை வேறு. இரண்டாவது கேள்விக்குக் கான்கிரீட்டே பதில் சொல்கிறது. கடல் உப்பு உள்ளே நுழைந்தால் அந்தக் காரம் இருந்தும் கம்பி அரிக்கிறது. குளோரைடு என்னும் உப்புக்கூறு, காரம் அமைத்த காப்பை உடைத்துவிடும். கரி அடுப்பின் சாம்பலில் மரத்தின் குளோரைடும் கலந்திருக்கிறது, உணவின் உப்பும் வந்து சேர்கிறது. இன்னொன்றும் உண்டு. காரம் இரும்பை விட்டுவைத்தாலும் அலுமினியத்தை விட்டுவைக்காது. அலுமினியத்தின் மேல் இயல்பாக உண்டாகும் ஆக்சைடுப் படலம் கடுங்காரத்தில் கரைந்துபோகும். துத்தநாகம் எனப்படும் நாகமும் காரம் மிகும்போது கரையும். ஆக, ஒரே சாம்பல் ஒரு காலுக்குப் பெரிய தீங்கு செய்யாமல் போகலாம், வேறு காலை அரித்தே தீர்த்துவிடலாம். சாம்பல் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த உலோகத்தின் மேல் என்று கேட்கவேண்டும்.

வாதத்தின் உயிர்நாடி இதுதான். எந்த உலோகமும் தன் மேல்தோலால் வாழ்கிறது. குரோம் முலாம் பூசிய இரும்பு, நாக முலாம் பூசிய ஜி.ஐ. குழாய், பெயின்ட் அடித்த இரும்பு, அலுமினியம், எவர்சில்வர் என்று கரி அடுப்புக் கால்கள் ஐந்து வகைக்குள் அடங்கும். ஐந்துக்கும் தோல் வேறு. ஒன்றைக் காக்கும் முறை மற்றொன்றை உரித்துவிடும். ஆகவே துலக்குமுன் இனம் காணவேண்டும். அது கடினமன்று. ஒரு காந்தமும் நல்ல வெளிச்சமும் போதும். காந்தம் ஒட்டவில்லை, பொருள் கனமில்லை, கறை வெள்ளைத் தூளாக இருக்கிறது என்றால் அலுமினியம். காந்தம் ஒட்டுகிறது, கண்ணாடிபோல் மின்னுகிறது, இடையிடையே ஊசிமுனைப் பழுப்புப் புள்ளிகள் என்றால் குரோம் முலாம். சாம்பல்நிற மேற்பரப்பில் பனிப்பூ போன்ற திட்டுகளும் வெண்தூளும் தெரிந்தால் நாகம். எவர்சில்வர் மட்டும் சற்று ஏமாற்றும். நிக்கல் கலந்த 304 வகையில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கல் இல்லாத 430 வகையில் ஒட்டும். ஒட்டினாலும் வளைவுகளில் முலாம் உரிந்த தடம் இல்லாமல் உள்ளும் வெளியும் ஒரே நிறமாக இருந்தால் எவர்சில்வர் என்று கொள்ளலாம். பெயின்ட் அடித்த காலை யாரும் அடையாளம் காட்டவேண்டியதில்லை.

குரோம் முலாமில்தான் தவறுகள் அதிகம். பளபளப்பு முழுவதும் குரோமுடையது. அந்த அடுக்கின் கனமோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதற்கடியில் உள்ள நிக்கல்தான் இரும்பை உண்மையில் காக்கிறது. இந்த இரண்டு அடுக்கிலும் நுண்துளைகள் இருந்தால், அவற்றின் வழியே ஈரம் இறங்கி இரும்பைத் தொடும்போது ஒரு மின்வேதி இணை உண்டாகிறது. நிக்கலைவிட இரும்பு எளிதில் அரிபடும் உலோகமாதலால், துளைக்குக் கீழே உள்ள இரும்பு வேகமாகக் கரையத் தொடங்குகிறது. வெளியே தெரிவது புள்ளி, உள்ளே இருப்பது குழி. இந்தப் புள்ளியைக் கண்டதும் கம்பி பிரஷால் தேய்ப்பவர், புள்ளியைச் சுற்றியிருந்த நல்ல முலாமையும் சுரண்டி, பத்துப் புள்ளிக்கு இடம் செய்கிறார். பாத்ரூம் ஆசிட் என்று விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுபவர் இன்னும் மோசம். அந்த அமிலம் குரோமையே கரைக்கும், குளோரைடையும் பின்னே விட்டுச்செல்லும். இங்கே வேண்டியது மென்மை. சோப்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கியபின், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துப் புள்ளியின் மேல் மட்டும் தேய்த்தால் துரு வந்துவிடும். அலுமினியம் குரோமைவிட மிக மென்மையானது, ஆகையால் கீறாது. பித்தளை நாரும் ஆகும். பிறகு கழுவி, உலர்த்தி, மெழுகு தடவவேண்டும். மெழுகு துளையை அடைக்கும். அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. உரிந்துபோன குரோமை வீட்டில் யாராலும் திரும்பக் கொண்டுவர இயலாது. அப்படிக் கொண்டுவருவதாகச் சொல்லும் வெள்ளிநிற ஸ்பிரே, வெறும் பெயின்ட்தான்.

நாக முலாம் இதற்கு நேர் எதிர். நாகம் இரும்பைவிட எளிதில் அரிபடும். ஆகவே கீறல் விழுந்தாலும், சுற்றியுள்ள நாகம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது. கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க நாகத்தையோ இரும்பையோ இப்படிப் பலிகொடுக்கலாம் என்று ஹம்ஃப்ரி டேவி 1824இல் சொன்னார். உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு 1837இல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சொரெல் காப்புரிமை பெற்றார். இந்தக் கொள்கையைப் புரிந்துகொண்டவர் ஜி.ஐ. காலில் ஒருபோதும் வினிகர் ஊற்றமாட்டார். அமிலத்தில் நாகம் பொங்கிக் கரையும். கால் வெளுப்பாக, சுத்தமாகத் தோன்றும். அந்தத் தோற்றம், காப்பு கழுவிப்போய்விட்டது என்பதற்கு அடையாளம். வெண்தூளை நைலான் பிரஷால் தட்டி, நீரில் கழுவி, உலரவிட்டால் போதும். பழுப்புத் துரு வெளிப்பட்ட இடத்தில் நாகம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அங்கே மட்டும் உப்புத்தாள் போட்டு, நாகத்தூள் மிகுந்த பிரைமரைப் பூசவேண்டும். ஒடிந்த ஜி.ஐ. காலை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனால், முலாம் பூசியது என்று முதலில் சொல்லிவிடுங்கள். நாகம் 907 பாகையில் ஆவியாகும்; அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் குளிரும் வரும்.

பெயின்ட் அடித்த சாதாரண இரும்புக்காலுக்குத்தான் நாம் பொதுவாக அறிந்த முறை பொருந்தும். அதிலும் வரிசை முக்கியம். முதலில் கொழுப்பு போகவேண்டும். கொழுப்பின் மேல் உப்புத்தாள் போட்டால் அது துருவை எடுக்காது, கொழுப்பைக் கீறல்களுக்குள் அப்பிவிடும். மேலே பூசும் பெயின்ட் ஒரு பருவம்கூடத் தாங்காது. அடுத்து, உதிரக்கூடிய துருவைக் கம்பி பிரஷால் தட்டி, 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று மென்மையை நோக்கிப் போகவேண்டும். குழிகளுக்குள் ஒட்டியிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றிகள் உண்டு. அவை துருவை இரும்புப் பாஸ்பேட்டாக்கி, பெயின்ட் பிடிக்கும் தளமாக மாற்றும். பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906இல் காப்புரிமை பெற்ற முறையின் வழித்தோன்றல்கள் அவை. டானின் கலந்த துருமாற்றிகளும் இருக்கின்றன. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருமை உண்டாகும் என்று மை காய்ச்சியவர்களும் துணிக்குச் சாயம் தோய்த்தவர்களும் அறிந்த அதே வினைதான் அங்கே துருவைக் கருநீலப் படலமாக்குகிறது. எதைப் பயன்படுத்தினாலும் அது காய்ந்ததும் தாமதிக்காமல் பிரைமர் அடித்துவிட வேண்டும். உரித்த இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி செம்மை தட்டிவிடும். குழாய்க்காலின் உட்புறத்தை மறந்தால் வெளியே செய்ததெல்லாம் வீண். புஷ்ஷைக் கழற்றி, உள்ளே இருக்கும் துருத்தூளைக் கொட்டி, பிரைமரை உள்ளே ஊற்றிச் சுழற்றி வடித்துவிட வேண்டும்.

பெயின்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நல்ல எண்ணமே தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. அடுப்புதானே, வெப்பம் தாங்கும் பெயின்டையே முழுக்க அடிப்போம் என்று பலர் நினைக்கிறார்கள். 600 பாகைவரை தாங்குவதாகச் சொல்லும் அந்தப் பெயின்டுகள் சிலிகோன் பிசினால் ஆனவை. அவை முழுமையாகக் கெட்டிப்படுவதற்கே சூடு வேண்டும். 200 பாகை அளவுக்கு ஒருமுறையாவது காய்ந்தால்தான் அவற்றின் உறுதி வரும். கிண்ணத்தில் பூசினால் முதல் சமையலிலேயே அது நடந்துவிடுகிறது. காலின் கீழ்ப்பாதியில் பூசினால் அந்தச் சூடு ஒருநாளும் வருவதில்லை. பெயின்ட் மிருதுவாகவே இருந்து, நகத்தால் கீறினாலும் உரியும். ஆகவே போல்ட் பொருந்தும் மேல்முனைக்கு வெப்பம் தாங்கும் பெயின்ட், கீழே சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமரும் எனாமல் பெயின்டும் என்று பிரித்துச் செய்வதே அறிவு. கால் நெருப்பில் வாழ்வதில்லை என்று முன்பு சொன்னதன் நடைமுறை விளைவு இது.

மற்ற இரண்டு வகைகளையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அலுமினியக் காலுக்குச் சோப்பு நீரும் மென்துணியும் போதும். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்ப்பதும் சாம்பலால் துலக்குவதும் கூடாது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை பாதி உண்மை. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி உருவாக்கிய அந்தக் கலவையைக் காப்பது அதிலுள்ள குரோமியம் அமைக்கும் கண்காணா ஆக்சைடுப் படலம். குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருந்தால்தான் அந்தப் படலம் நிற்கும். குளோரைடு பட்டால் அதுவும் ஆங்காங்கே துளைபடும். எவர்சில்வர் காலில் பழுப்புத் தடங்கள் கண்டால், பலநேரம் அது காலின் துருவே இல்லை. இரும்பு நாரால் தேய்த்தபோது ஒட்டிக்கொண்ட இரும்புத் துணுக்குகளின் துரு. சுத்தம் செய்த கருவியே கறையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. எலுமிச்சை உப்பைக் கரைத்துத் துடைத்து, நன்றாக அலசினால் அது போய்விடும்; இனி எவர்சில்வருக்கு இரும்பு நார் வேண்டாம்.

சில மறுப்புகளுக்கு விடை சொல்லவேண்டும். வினிகரும் எலுமிச்சையும் சாப்பிடும் பொருள்கள், அவற்றால் என்ன கேடு வந்துவிடும் என்பது ஒன்று. சாப்பிடலாம் என்பது நம் உடலுக்குத் தரப்பட்ட சான்று; உலோகத்துக்கு அது பொருந்தாது. சாதாரண வினிகரில் உள்ள 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் வெற்று இரும்பின் துருவை ஓரிரவில் கரைக்கும், நல்ல உதவி. ஆனால் கீலிலும் ரிவிட்டுக்கு அடியிலும் புகுந்த அமிலத்தை வெளியேற்றாவிட்டால் அது அங்கேயே இருந்து மறுநாளும் வேலைபார்க்கும். ஊறவைத்து எடுத்த இரும்பைச் சமையல் சோடா கரைத்த நீரில் தோய்த்து, நல்ல நீரில் அலசி, வெயிலிலோ வெந்நீர்ச் சூட்டிலோ முழுக்க உலர்த்தவேண்டும். எந்த அமிலத்தோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக்கூடாது. வெளிவரும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

துரு மேலோடுதானே, அதுவே உள்ளிருக்கும் இரும்பைக் காக்காதா, இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல எண்ணெய் தடவிவிட்டால் ஆகாதா என்பது இன்னொன்று. அலுமினியத்தின் ஆக்சைடு அடியிலுள்ள உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது, அதனால் காக்கிறது. இரும்பின் துரு அப்படிப்பட்டதன்று. கரைந்த இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. அதனால் உப்பி, வெடித்து, உதிர்ந்து, அடுத்த அடுக்கை ஈரத்துக்குத் திறந்துவிடுகிறது. கீல் இறுகிப்போவதும் மடக்குக்கால் விரியாமல் அடம்பிடிப்பதும் அந்த உப்பலால்தான். தோசைக்கல்லில் காப்பது துரு இல்லை, சூட்டில் இறுகிப் படலமான எண்ணெய். கால் அந்தச் சூட்டைக் காணாது. அதில் தடவிய சமையல் எண்ணெய் இறுகாமல் பிசுக்காகவே நின்று, சாம்பலையும் தூசியையும் பிடித்துவைக்கும். மெழுகுதான் அங்கே பொருத்தம்.

மூன்றாவது மறுப்பே வலுவானது. ஒரு சிறு அடுப்புக்காக இவ்வளவு உழைப்பு ஏன், புதிதாக வாங்கிவிடலாமே? விலையை மட்டும் கணக்கிட்டால் இதற்கு எதிராகச் சொல்ல அதிகம் இல்லை. மலிவான அடுப்புக்கு ஆகும் செலவைவிட உப்புத்தாளும் பிரைமரும் பெயின்டும் நேரமும் கூடுதலாகலாம். ஆனால் இதுவரை சொன்ன காரணங்கள் சரியென்றால், புதிய அடுப்பு எதையும் தீர்ப்பதில்லை. பழைய காலை அரித்தது ஈரச்சாம்பலும் உப்பும் அடைத்துவைத்த மூலையும். புதிய காலும் முதல் சமையல் முடிந்த அன்றே அந்த மூலைக்குத்தான் போகப்போகிறது. பழக்கம் மாறாமல் பொருளை மாற்றுகிறவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே துருவை விலைகொடுத்து வாங்குகிறார். பழக்கம் மாறிவிட்டால் பழைய கால்களில் பெரும்பாலானவை இன்னும் பலகாலம் உழைக்கும். சீரமைப்பின் பயன் மிச்சமாகும் காசில் மட்டும் இல்லை. எங்கே துரு, எந்த வகைத் துரு என்று ஒருமுறை உற்றுப் பார்த்தவருக்கு, எந்தப் பழக்கத்தை மாற்றவேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

அதற்காக எல்லாக் காலையும் காப்பாற்றியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. துருவைப் போக்கலாம், போன இரும்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஸ்குரூடிரைவர் முனையால் காலைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை மழுங்கும் இடத்திலோ முனை அமுங்கும் இடத்திலோ குழாயின் சுவர் மெலிந்துவிட்டது. மீதமுள்ள காலுக்கு ஒரு பாரச்சோதனை வைக்கலாம்: கரி, உணவு, மூடி எல்லாம் சேர்ந்த எடையைவிட நிச்சயமாக அதிகமான நீரை வாளியில் நிரப்பி, குளிர்ந்த அடுப்பின் மேல் வைத்து, பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்ப்பது. நெருப்பு இருக்கும்போது வளையவிருந்த கால் தண்ணீரோடு வளைந்தால் நனைவது தரை மட்டும். தேறாத காலைக் கம்பி சுற்றியோ கட்டை வைத்துக் கட்டியோ ஓட்டக்கூடாது. மாற்றுக்கால் கிடைத்தால் மாற்றவேண்டும், கிடைக்காவிட்டால் அடுப்பைப் பழைய இரும்புக்குப் போடவேண்டும். அந்த முடிவு சிக்கனத்துக்கு எதிரானது இல்லை.

கடைசியாக, அணைந்த பிறகு என்ன செய்வது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். மூடியையும் காற்றுத்துளைகளையும் அடைத்துக் கரியைத் தானாக அணையவிடுங்கள். தண்ணீர் ஊற்றி அணைத்தால், உப்பும் காரமும் கரைந்த சாம்பல்நீரைக் காலுக்கு நாமே அபிஷேகம் செய்ததாகிவிடும். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாள்வரைகூட ஒளிந்திருக்கும், ஆகையால் மறுநாள் இரும்பு வாளியில்தான் கொட்டவேண்டும். நீர் படுமுன் உலர்ந்த பிரஷால் கால்களையும் கீல்களையும் தட்டுங்கள். உலர்ந்த சாம்பல் உதிரும், நனைந்தது ஒட்டும். பிறகு ஈரத்துணி, அதன்பின் உலர்துணி. புஷ்ஷை எப்போதாவது கழற்றி வடியவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போடுவதானால் முழுக்க உலர்ந்தபின் போடுங்கள். ஈரத்தோடு மூடிய உறை மழையைவிடக் கேடு செய்யும். இத்தனையும் சேர்ந்து கால்மணி நேர வேலை. இதைச் செய்கிறவருக்கு நான் மேலே சொன்ன அமிலங்களும் பிரைமர்களும் பெரும்பாலும் தேவைப்படாது. செய்யாதவருக்கு அவை எத்தனை முறை வாங்கினாலும் போதாது. துலக்கும் கலையில் பாதி, துலக்கவேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வது. மீதிப் பாதி, எந்த உலோகம் என்று தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பது.